சொன்னதைத் திருப்பிச் சொல்லும் தொழில்

டைப் அடிக்கிறவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் கிடையாது. அடுத்தவர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். விரல் நுனி தேய்ந்தவர்களே, ரிப்பன் மாற்றிய கையோடு சோறு தின்று மையை ருசி பார்த்தவர்களே, "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று நீட்டப்பட்ட கோழிக்கிறுக்கலை முக்கால் மணி நேரம் உற்றுப் பார்த்தவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, மருந்துக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் டைப்பிங் நிலையம். முதலாளி பாக்கியம் மாஸ்டர். சிங்கள மெஷினில் சுமணா அக்கா. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் நான், புஷ்பா. இப்போது எனக்கு வயது பத்தொன்பது. சொல்லப்போவது நான் பதினேழில் செய்த கூத்து.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் விழுந்த குரல் எதுவாக இருந்தாலும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டைக் குரல் என்று பாட்டு டீச்சர் என்னை முதல் நாளே வெளியே அனுப்பிவிட்டார். அவர் அனுப்பிய தோரணையை வெளியே வந்ததும் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அதற்கும் அடி வாங்கினேன்.

மேலே ஒரு கங்காணி, கீழே ஒரு கங்காணி

பள்ளிக்கூடம் முடிந்ததும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் பனி இறங்கி, பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. எனக்குக் கை சும்மா இருந்தாலும் தொண்டை சும்மா இருக்காது. வாசலில் நின்று, எங்கள் கங்காணி கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவாரே, அதே இழுவையில், நடுவில் வரும் அந்த இருமலோடு, ஒரு சத்தம் கொடுத்தேன்.

நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே நாற்பது பெண்கள் கூடையோடு மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. மேலே அசல் கங்காணி வெறும் தேயிலைச் செடிகளை அதட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் என் பெயர் வெட்டப்பட்டது. அம்மா அங்கிருந்து நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் என்னை அடித்துக்கொண்டே வந்தார். அந்த வேலை போனதால்தான் அப்பா என்னை டவுனுக்கு டைப்பிங் படிக்க அனுப்பினார். அதனால் வெட்டியவர்களுக்கும் அடித்தவருக்கும் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். கங்காணி மட்டும் திட்டவே இல்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "ஏம்புள்ள, இருவது வருஷமா இதே தொண்டையில நானும்தானே கூப்புடுறேன், ஒருநாளும் இவ்வளவு வெரசா வரலியே இவளுக?"

கார்பன்

எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பிரஜாவுரிமைக்கு மனுப்போட வருகிறவர்கள். மீதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறக் கடுதாசி அடிக்க வருகிறவர்கள். ஒரு மழைக்காலைப் பொழுதில் பெனடிக்ட் அண்ணன் வந்தபோது அவரையும் இந்த இரண்டில் ஒன்று என்றுதான் நினைத்தோம். இருபத்துநாலு வயது இருக்கும். மெலிந்த ஆள். பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிய ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தார். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்றார். கிளாக்கரா, டிரைவரா என்று மாஸ்டர் கேட்டார். "பைலட்டுங்க" என்று பதில் வந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஆளை இன்னொரு தரம் பார்த்தார்.

உண்மைதான். கொழும்புப் பக்கம் போய் இரண்டு வருஷம் பறக்கப் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். உள்ளூரில் வேலை இல்லை. வைத்தியச் சான்று வருஷக் கடைசியோடு காலாவதி. அதற்குள் ஒரு கம்பனி எடுத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி பறந்து, மறுபடி சோதனை எழுதி, எல்லாம் முதலிலிருந்து. அதற்கு வீட்டில் வழி கிடையாது. அவருடைய அப்பா டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர், தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற அதிகாரி. அதே தொழிற்சாலையில் உதவி டீமேக்கர் நாற்காலி ஒன்று ஜனவரி வரைக்கும் இவருக்காகக் காலியாக வைக்கப்பட்டிருந்தது. இதையெல்லாம் அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

பன்னிரண்டு கம்பனிக்குப் பன்னிரண்டு விண்ணப்பம். கூடவே அவர் எந்தத் தேதியில் எந்த விமானத்தில் எவ்வளவு நேரம் பறந்தார் என்ற அட்டவணை. கட்டம் கட்டமாக அதை அடித்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. முடித்து இழுத்தால், பிரதிகள் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன. அசலின் முதுகில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைமாறி நிற்கிறது. கார்பனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். (கவிழ்த்து வைத்ததே இல்லை என்று சொல்லும் டைப்பிஸ்ட் யாராவது இருந்தால் அவரை நம்பாதீர்கள்.) திட்டு வாங்கத் தலையைக் குனிந்து நின்றேன். பெனடிக்ட் அண்ணன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "பரவால்ல தங்கச்சி. மேகத்துக்குள்ள போறப்ப எங்களுக்கும் இப்படித்தான், நேரா இருக்கோமா தலகீழா இருக்கோமான்னே தெரியாது. பதறாம இருந்தாப் போதும். இன்னொருக்கா அடி."

டீமேக்கரையா சேர்க்கச் சொன்ன வரி

அடுத்த வாரம் அவருடைய அப்பா வந்தார். குடை, பழைய கோட்டு. கோட்டைக் கழற்றியதும் அறை முழுக்க வறுத்த தேயிலை வாசம். மகனுடைய விண்ணப்பத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். நானும் படித்தேன், பெனடிக்ட் அண்ணன் குரலிலேயே. மனுஷர் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் டீமேக்கரையா. விண்ணப்பதாரி கொழுந்து வாட்டவும் அரைக்கவும் அடுப்பு பார்க்கவும் அறிந்தவர் என்று. விமானக் கம்பனிக்கு இது எதற்கு என்று மாஸ்டர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிக் கொடுப்பதுதானே தொழில். 'வேறு திறமைகள்' என்ற தலைப்பின் கீழ் பன்னிரண்டு விண்ணப்பத்திலும் அந்த வரியை அடித்தேன். பெனடிக்ட் அண்ணன் பிறகு அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துச் சிரித்தாரே தவிர எடுக்கச் சொல்லவில்லை. அவருடைய அப்பா படியிறங்கும்போது மாஸ்டரிடம் சொன்னது எனக்கும் கேட்டிருந்தது: "எம்மவன் ஏறுறதப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதியிருக்கு மாஸ்டர். எறங்குறதுக்கு ஒரு எடத்த நானாவது எழுதி வைக்க வேணாமா?"

எழுந்து நின்ற பைலட்

பன்னிரண்டில் ஒன்பது பதிலே போடவில்லை. இரண்டு வருத்தம் தெரிவித்தன. கடைசியாக, டிசம்பர் பிறக்க இருந்த சமயத்தில், பஹ்ரைனிலிருந்து ஒரு கடிதம். கம்பனிக்காரர்கள் கொழும்புக்கு வருகிறார்கள். மூன்று வாரம் கழித்து வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். வானொலியில் விமான நிலையக் கோபுரத்தோடு பேசுகிற சோதனையும் உண்டு. நானும் சுமணா அக்காவும் கடிதத்தைச் சுற்றிக் குதித்தோம். பெனடிக்ட் அண்ணன் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் வேறொரு கம்பனிச் சோதனைக்குப் போயிருக்கிறார். சோதித்தவர் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். விமானத்துக்குக் கட்டளை கொடுக்கிற கோபுரமாக அவர் நடிக்க வேண்டும். அவர் சொல்லும் கட்டளையை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது பறப்பில் சட்டம், ஏனென்றால் தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். இவர் மூன்று தரமும் "யெஸ் சேர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் கதவைக் காட்டிவிட்டார்கள். படித்த இடத்துக் கோபுரத்தில் நம்மூர் ஆட்கள், அதனால் அங்கே தடை இருந்ததில்லை. அந்தக் குரல் கேட்டால்தான் நாக்கு புரளாது.

ஏன் என்று தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டில் தொரை ஒன்று சொன்னால் "சரிங்க தொரை" என்று ஓட வேண்டும். திருப்பிச் சொன்னால் அது நையாண்டி. இவர் எட்டு வயதில் தொழிற்சாலை முற்றத்தில் பார்த்திருக்கிறார்: கட்டளை நீளமாக இருந்ததால் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு தொழிலாளி அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் என் குறும்புப் புத்தி போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் போய், எங்கள் தோட்டத்தை விட்டுப் போய் ஏழெட்டு வருஷமான வெள்ளைத் தொரை குரலில் "பெனடிக்ட்!" என்றேன். நாற்காலி சாய்ந்து விழுந்தது. எட்டிப் பார்த்தால், மனுஷர் நேராக நிற்கிறார்; காற்சட்டைப் பையில் இருந்த கை வெளியே வந்திருக்கிறது. சுமணா அக்கா மெஷினிலிருந்து கையை எடுக்காமல், தங்கச்சியை மட்டும் சிங்களத்தில் நங்கி என்று வைத்து, மீதியைத் தன் தமிழில் சொன்னார்: "நங்கி, அந்தத் தொரை எப்பயோ கப்பல் ஏறிப் போயாச்சுதானே. போறப்ப இவர உக்காரச் சொல்லிட்டுப் போகல்ல."

நாயைக் குளிப்பாட்டு

மறுநாள் முதல் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணியை மாஸ்டர் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அலமாரிக்குப் பின்னால் இருந்த முக்காலிதான் கோபுரம், நான்தான் அதிகாரி. பெனடிக்ட் அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. குரலுக்கு அர்த்தம் எதற்கு? சிற்றலை வானொலியில் கேட்ட அரபுக்காரர், செய்தி வாசிப்பவர், சிங்கப்பூர்க்காரர், எல்லோரும் முறை வைத்து அலமாரிக்குப் பின்னால் வேலை பார்த்தார்கள். விதியை அவரே எனக்குப் படிப்பித்தார். கோபுரம் சொல்லும், பைலட் திருப்பிச் சொல்வார், சரியாக இருந்தால் கோபுரம் 'சரி' என்று சொல்லி முடிக்கும். அந்தச் 'சரி' வரும்வரை புதிய கட்டளை கட்டளையே அல்ல. பழையபடிதான் பறக்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே 'சரி'யை நீட்டி நீட்டிச் சொல்லி அவரை ஆகாயத்தில் தொங்கவிட்டேன்.

அரபுக்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் அழகாகத் திருப்பிச் சொன்னார். தொரை குரல் வந்ததும் "யெஸ் சேர்" வந்து நின்றுவிடும். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. (பேசியதெல்லாம் ஆங்கிலம், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.) தொரை குரலில், ஒரு சுருக்கமும் இல்லாத முகத்தோடு சொன்னேன்: நாலாயிரம் அடிக்கு இறங்கு, இடப்பக்கம் திரும்பு, இறங்கியதும் என் நாயைக் குளிப்பாட்டு. அந்தப் பக்கமிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு. அப்புறம், முதல் தரமாக, அந்தக் குரலுக்குப் பதில் வந்தது: நாலாயிரம் அடி, இடப்பக்கம், நாயைக் குளிப்பாட்டுகிறேன். தொரை கம்பீரமாக 'சரி' என்றார். அதற்குப் பிறகு நான் விடவில்லை. ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், தொரைசானியின் தொப்பியைத் தேடச் சொன்னேன். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். வாரக் கடைசியில் நாய் இல்லாமலே சொன்னார்.

அன்றைக்கு பெஞ்சில் பிரஜாவுரிமை மனுவுக்காக ஒரு பெரியவர் காத்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார், விளக்கினேன். சிரிப்பார் என்று பார்த்தால் யோசித்தார். "எங்களையும் அப்பவே இப்புடித் திருப்பிச் சொல்ல விட்டிருந்தா பாதித் தப்பு நடந்திருக்காது. மீதித் தப்பு யாரு சொல்லி நடந்துச்சுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

பஹ்ரைனிலிருந்து ஓர் அழைப்பு

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை. பெனடிக்ட் அண்ணன் வீட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு ரயிலேறுவதாகத் திட்டம். சோதனை என்று தெரிந்து பதில் சொல்வது வேறு, தெரியாமல் சொல்வது வேறு. கடைசியாக ஒரு தரம், தெரியாமல் சோதித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான், நம்புங்கள். தொண்டை அரித்ததும் உண்மைதான். மாஸ்டர் தபாற்கந்தோருக்குப் போன நேரம், கீழே மருந்துக்கடைத் தொலைபேசியில் கெஞ்சி இணைப்பு வாங்கி டயகமத் தொழிற்சாலையைப் பிடித்தேன். டீமேக்கரையா எடுத்தார். பஹ்ரைன் குரலில் நான் பெனடிக்டைக் கேட்டதும் "ஹோல்ட் ஆன், சேர்" என்று பதறிவிட்டு, மகனைக் கூப்பிட ஆளனுப்பினார்.

பெனடிக்ட் அண்ணன் வந்தார். நேர்முகம் புதனிலிருந்து வியாழனுக்கு மாறிவிட்டது, காலை பத்து மணி என்றேன். ஒரு தடுமாற்றம் இல்லை. வியாழன், பத்து மணி, பெனடிக்ட் என்று மணி அடித்த மாதிரித் திருப்பிச் சொன்னார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அண்ணே, நான்தான் புஷ்பா" என்று என் சொந்தக் குரலில் கத்த வாயைத் திறந்தேன். தொலைபேசி செத்துவிட்டது. மறுபடி கேட்டால், மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது, சரியாக இரண்டு நாளாகும் என்கிறார்கள்.

இரண்டு நாளில் புதன் போய்விடும். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் துவைத்த சட்டையோடு போய்க் காலி அறையைத் தட்டுவார். ஜனவரியில் உதவி டீமேக்கர் நாற்காலியில் உட்காருவார். நான் படியேறி வந்து சுமணா அக்காவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னோடு பேச மெஷினிலிருந்து கையை எடுத்தது அன்றைக்குத்தான் முதல் தரம். "நங்கி, இப்ப எந்தக் குரல்ல அழப்போறீங்க?"

டயகம பஸ்

செவ்வாய் விடியற்காலை முதல் பஸ். தலவாக்கலையில் இறங்கி அடுத்த பஸ். அக்கரப்பத்தனைக்கு மேலே சரிந்த மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் நின்றோம். மண்ணுக்கு அந்தப் பக்கம் கீழே போகிற பஸ் ஒன்றும் நின்றது. வழி விட்டதும் இரண்டும் உரசிக்கொண்டு கடந்தன. ஜன்னலெல்லாம் மழைத் திரை போட்டிருந்தது; உள்ளே யாரும் தெரியவில்லை. வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒரு குரலும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

தொழிற்சாலைக்குள் நனைந்த கோழியாகப் போய் நின்றேன். மகன் விடிந்ததும் கொழும்புக்குக் கிளம்பிவிட்டான் என்றார் டீமேக்கரையா. வியாழன்தானே சொன்னார்கள் என்று நான் திக்கினேன். அவர் சொன்னார்: பஹ்ரைன்காரர் தேதியை மாற்றினாராம், இவன் திருப்பிச் சொன்னானாம், ஆனால் அவர் 'சரி' என்று சொல்வதற்குள் கம்பி அறுந்துவிட்டதாம். 'சரி' வராதவரைக்கும் பழைய கட்டளைதான் கட்டளை, புதன் ஒன்பது மணிக்கே போய் நிற்பேன் என்று போய்விட்டான். இப்படி ஒரு சட்டத்தை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை, பஹ்ரைன்காரராகப் பேசிக் காட்டினேன். பேசி முடிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். சூடு வருகிற பக்கம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், அப்போதுதான் வறுத்த தேயிலையில் பால் விடாத சாயத் தேநீர் போட்டுக் கையில் கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நேத்து ஒன் சத்தத்தக் கேட்டதும் நான் எழும்பி நின்னுட்டேன் புள்ள, ரிசீவரும் கையுமா. எம்மவன் வந்தான், நாக்காலிய இழுத்துப் போட்டான், உக்காந்துக்கிட்டே பேசினான்."

சரி

மாஸ்டரிடம் நானே சொன்னேன். வேலை போய்விடும் என்று சாப்பாட்டுப் பெட்டியைக்கூடப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன். "புதன் முடியட்டும்" என்றார். புதன் முடிந்து எத்தனையோ புதன் போய்விட்டது. அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. இதைப் படித்து ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.

வெள்ளிக்கிழமை பெனடிக்ட் அண்ணன் வந்தார். சோதித்தவர் தலை நரைத்த வெள்ளைக்காரக் கேப்டனாம். குரல் அச்சு அசல் அலமாரித் தொரையாம். திரைக்குப் பின்னால் நான் இருக்கிறேனா என்று ஒரு கணம் கண் தேடியதாம். கட்டளை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி ஒவ்வொரு 'சரி'யாக வாங்கியிருக்கிறார். கடைசிக் கட்டளைக்கு வாய்வரைக்கும் நாய் வந்துவிட்டதாம், விழுங்கிவிட்டார். அதன்பிறகு கேப்டன் விண்ணப்பத்தில் விரலை வைத்து, இந்த அடுப்பு பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டு, கால்மணி நேரம் தேயிலையைப் பற்றியே பேசினாராம். நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது: துணை பைலட், ஜனவரியில் வந்து சேரவும். சம்மதக் கடிதத்தை நான்தான் அடித்தேன். இந்தத் தரம் நீ தொடாதே என்று கார்பனை மாஸ்டரே வாங்கி வைத்தார். இழுத்துப் பார்த்தால் மறுபடி கவிழ்ந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல் புதுத் தாளை எடுத்து நீட்டினார். இன்னொரு தரம் அடித்தேன். அப்படி ஒரு கடிதத்தை நூறு தரம் அடிக்கச் சொன்னாலும் அடித்திருப்பேன்.

புறப்படுகிற நாள், பெட்டியோடு மாடிக்கு வந்தார். அப்பா மூலம் தொலைபேசிக் கதை அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மன்னிப்பை மூன்று விதமாகத் தொடங்கினேன். மூன்றும் வேறு யாருடையவோ குரலில் வந்தன. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ 'சரி' சொல்லாம விட்டதாலதான் தங்கச்சி நான் போறேன். இனிமேலும் யாரு என்ன கேட்டாலும் அந்த 'சரி'ய மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிறாத."

விரல் தேய்ந்த நண்பர்களே, திருப்பிச் சொன்ன குற்றத்துக்கு என்னை ஒரு மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள், திருப்பிச் சொன்ன திறமைக்கு அவரை வானத்தில் ஏற்றிவிட்டார்கள், கார்பன் ஒன்றுதான் இன்றுவரை யார் சொல்லையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குக் கவிழ்ந்துகொண்டிருக்கிறது.